தொண்டையில் முள்ளோடு ரங்கத்திலிருந்து போர்ட் பிளேருக்கு

போன மாதம் ஒரு வாசகி எழுதியிருந்தார். சர்க்கரை வியாதியுள்ள மாமியாரை அழைத்துக்கொண்டு அந்தமான் போகிறாராம். போர்ட் பிளேரோடு நிற்காமல் ரங்கத் வரைக்கும் போக ஆசை. "அங்கெல்லாம் ஆஸ்பத்திரி வசதி எப்படி?" என்று கேட்டிருந்தார். இன்றைய நிலவரத்தை அங்கே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் ரங்கத்திலிருந்து போர்ட் பிளேருக்கு ஆஸ்பத்திரிக்கென்றே ஒரு பயணம் நான் போயிருக்கிறேன். எழுபதுகளின் ஆரம்பத்தில், ஒரு மாசி மாதம். போகவரப் பன்னிரண்டு நாள் ஆனது. நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. எரிச்சலோடேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். என் வீட்டுக்காரர் ராயப்பன் படகு எஞ்சின் ரிப்பேர் செய்கிறவர். அந்தமானில் வேலை நிறைய இருக்கிறது என்று யாரோ சொல்ல, கல்யாணமான மறு வருஷமே கப்பல் ஏறிவிட்டோம். ரங்கத் பஜாரில் நான் காய்கறியும் கருவாடும் விற்றேன். வாங்க வருகிறவர்கள் வங்காளிகள், தெலுங்கர்கள், மலையாளிகள், ராஞ்சிக்காரர்கள். எல்லாருக்கும் பொதுவாக இருந்தது ஹிந்திதான். மூன்று வருஷத்தில் நானும் பேசக் கற்றுக்கொண்டேன். என் ஹிந்தியில் இலக்கணம் இருக்காது, சத்தம் இருக்கும். அந்தச் சத்தம் இந்தப் பயணத்தில் உதவியது, அதனால்தான் சொல்கிறேன்.

ஊருக்கு வெளியே நிமாய் என்று ஒரு வங்காளி விவசாயி இருந்தார். அரசாங்கம் கொடுத்த நிலத்தில் குளம் வெட்டி மீன் வளர்த்தார். அவருடைய பம்ப்செட்டை ராயப்பன்தான் பார்த்துக்கொள்வார். அவர் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும் விசேஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூப்பிட்டிருந்தார். கடுகு அரைத்துவிட்ட குளத்து மீன் குழம்பு. கடல் மீனைத் தின்று வளர்ந்தவர் என் வீட்டுக்காரர். குளத்து மீனின் முள் கவை கவையாகச் சதைக்குள் கிடக்கும் என்று அவருக்குத் தெரியாது. கடலில் கிடைக்கும் சங்கரா மீனைச் சாப்பிடுகிற வேகத்தில் இதையும் சாப்பிட்டார். நாலாவது கவளத்தில் நிறுத்தினார்.

சோற்று உருண்டையை விழுங்கச் சொன்னார்கள், விழுங்கினார். வாழைப்பழம் கொடுத்தார்கள், அதையும் விழுங்கினார். நிமாயின் மனைவி முதுகில் தட்டினார். முள் அசையவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "ஒண்ணுமில்ல ரோஸ்மேரி, தானா எறங்கிரும்" என்றார். கடற்கரையில் பிறந்தவனுக்குத் தொண்டையில் முள் என்று வெளியே சொல்ல அவருக்கு வெட்கம். அந்த வெட்கத்தில் ஒரு ராத்திரி போனது.

திங்கட்கிழமை காலை ரங்கத் டிஸ்பென்சரிக்குப் போனோம். டாக்டர் மாற்றலாகிப் போய் இரண்டு மாதமாகியிருந்தது, அடுத்தவர் இன்னும் வந்து சேரவில்லை. கம்பவுண்டர் நல்ல மனிதர். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, முள் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆழத்தில் இருக்கிறது, போர்ட் பிளேருக்குப் போய்விடுங்கள் என்றார். வாய் கொப்பளிக்க ஒரு சிவப்புத் தண்ணீரும், ஒரு சீட்டும் கொடுத்தார். அடுத்த படகு செவ்வாய். அதை விட்டால் வெள்ளி.

இனிப் பயண விவரம். அன்று தரை வழி முழுதாக இல்லை, படகுதான். ரங்கத் பஜாரிலிருந்து படகுத்துறை ஏழு கிலோமீட்டர். விடியற்காலை நாலரைக்கு ஒரு லாரியில் ஏறினோம், ஆளுக்கு எட்டணா. படகு ஆறு மணிக்குக் கிளம்பியது. டிக்கெட் ஆளுக்கு நாலரை ரூபாய், மேல்தளம். கடல் வழியில் ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர். நடுவில் லாங் ஐலண்ட், ஹேவ்லாக், நீல் தீவுகளில் நிற்கும். ஒவ்வொரு இடத்திலும் மூட்டையும் ஆடும் ஏறி இறங்க அரை மணி, முக்கால் மணி. இன்று அந்தத் தீவுகளுக்கு நீங்கள் படம் எடுக்கப் போகிறீர்கள். நான் அன்று அவற்றைப் பார்க்கவே இல்லை. தகர டப்பா ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எச்சிலை விழுங்க முடியாமல் அவர் அதில் துப்பிக்கொண்டே வந்தார்.

போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்தது பிற்பகல் மூன்றே முக்கால். மேட்டின் மேல் இருந்த அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனோம். வெளிநோயாளி நேரம் காலை எட்டிலிருந்து பன்னிரண்டு. அவசரப் பிரிவில் இருந்தவர் இரண்டே கேள்வி கேட்டார். மூச்சு வருகிறதா? வருகிறது. ரத்தம் வருகிறதா? இல்லை. அப்படியானால் அவசரம் இல்லை, நாளைக் காலை எட்டுக்கு வாருங்கள் என்றார். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையே என்றேன். அது அவர் நோட்டில் இருந்த கேள்விகளில் இல்லை.

பாம்பூஃப்ளாட்டில் என் பெரியம்மா மகன் லூர்து அண்ணன் தச்சு வேலை செய்துகொண்டிருந்தார். அங்கேதான் தங்கினோம். ஆஸ்பத்திரியிலிருந்து சாத்தம் படகுத்துறைக்கு பஸ்ஸில் இருபது நிமிடம், அங்கிருந்து துறைமுகத்தைக் கடக்கும் ஃபெர்ரியில் கால் மணி. அண்ணி அரிசிக் கஞ்சியை வடிகட்டித் தண்ணீராகக் கொடுத்தார். அரை டம்ளர் இறங்க ஒரு மணி நேரம் ஆனது.

புதன்கிழமை முதல் ஃபெர்ரியைப் பிடித்து ஏழு மணிக்கெல்லாம் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். சீட்டு எழுதும் ஜன்னலில், ரங்கத் கம்பவுண்டர் கொடுத்த காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். முத்திரை இல்லை. முத்திரை டாக்டரிடம் இருக்கும், டாக்டரே அங்கே இல்லை என்று விளக்கினேன். அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டு, புதுச் சீட்டுக்கு வேறு வரிசையைக் காட்டினார்கள். பத்தேமுக்காலுக்கு டாக்டரைப் பார்த்தோம்.

பார்த்தோம் என்று சொல்வதே அதிகம். இளவயது டாக்டர். மேசையைச் சுற்றி இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நாக்கை நீட்டச் சொன்னார், ஒரு கரண்டிக் காம்பால் அழுத்தினார், எக்ஸ்ரே என்று எழுதினார். இரண்டு நிமிடம்கூட இல்லை. எக்ஸ்ரே அறைக்குப் போனால் கதவில் ஒரு அட்டை தொங்கியது. ஃபிலிம் இல்லை. மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்துவிட்டது, பெட்டியும் வந்துவிட்டது, ஸ்டோரில் எடுத்து எழுதிக் கையெழுத்தாக வேண்டும் என்றார் அங்கிருந்தவர். எப்போது ஆகும் என்றேன். "கல் ஆனா" என்றார். நாளைக்கு வா என்று அர்த்தம். அந்த ஊரில் நான் அதிகம் கேட்ட ஹிந்தி அதுதான்.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, காய்ச்சல் மருந்துக்கு வந்திருந்த ஒரு தெலுங்குக்காரர் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு வழி சொன்னார். உள்ளே பார்த்தீர்களே, அதே டாக்டர் சாயந்திரம் ஆறு மணிக்குப் பத்துபஸ்தியில் தன் வீட்டு முன்னறையில் பார்ப்பார், பத்து ரூபாய் என்றார். பத்து ரூபாய் எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. ஆனால் ராயப்பனின் கழுத்தில் ஒரு பக்கம் லேசாகத் தடித்திருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

பத்துபஸ்தி ஆஸ்பத்திரியிலிருந்து நாலு கிலோமீட்டர் இருக்கும், விமானத் தளத்துக்குப் பக்கம். ஐந்தரைக்குப் போய்விட்டோம். முன்னறையில் பெஞ்சு, மின்விசிறி, தண்ணீர்ப் பானை. மொத்தம் ஆறு பேர். எங்கள் முறை வந்ததும் அதே டாக்டர் எழுந்து நின்று, "வாங்க, உட்காருங்க" என்று ஹிந்தியில் மரியாதையாகச் சொன்னார். எங்கள் முகம் அவருக்கு நினைவில்லை. எந்த மீன், எத்தனை நாள், காது வலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு நெற்றியில் ஒரு தோல் பட்டையைக் கட்டினார். அதில் ரூபாய் வட்டத்தைவிடப் பெரிதாக ஒரு கண்ணாடி, நடுவில் துளை. மேசை விளக்கின் வெளிச்சத்தை அந்தக் கண்ணாடியில் வாங்கித் தொண்டைக்குள் திருப்பினார். சின்னதாகக் காம்பு வைத்த இன்னொரு கண்ணாடியைத் துணியில் தேய்த்துச் சூடுபடுத்தி வாய்க்குள் விட்டார். கால் மணி நேரம் பொறுமையாகப் பார்த்தார்.

"முள் தெரியுதும்மா. இடது பக்கம், கீழே" என்றார்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"காலையில இந்தக் கண்ணாடி எங்க இருந்துச்சு டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன்.

ராயப்பன் என் முழங்கையைக் கிள்ளினார். டாக்டருக்கு முகம் சிவந்தது. நெற்றிப் பட்டையை அவிழ்த்தபடியே பதில் சொன்னார். ஆஸ்பத்திரிக் கண்ணாடி உடைந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறதாம், எழுதிக் கேட்டும் வரவில்லையாம். இது அவர் கல்கத்தாவில் சொந்தப் பணத்தில் வாங்கியது. அங்கே கொண்டுபோய் உடைந்தால் இதுவும் இருக்காது என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் முள்ளை இப்போதே எடுத்துவிடுங்கள் என்று நான் சொன்னதற்கு, அதற்கான நீள இடுக்கியும் மரத்துப்போகும் மருந்தும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கின்றன என்றார். அதாவது, பார்க்கிற சாமான் வீட்டில், எடுக்கிற சாமான் ஆஸ்பத்திரியில். நாலு கிலோமீட்டர் இடைவெளி. நடுவில் நாங்கள். காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் நேராக என்னிடம் வந்துவிடுங்கள், கண்ணாடியை எடுத்து வருகிறேன் என்று சொல்லி, வலிக்கு ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். பீஸ் பத்து, மருந்து ஆறு ரூபாய். மருந்தை விழுங்க முடியவில்லை.

வியாழக்கிழமை ஏழு மணிக்குப் போனால் டாக்டர் இல்லை. அதை எங்களுக்குச் சொல்லவே பதினொரு மணி ஆக்கினார்கள். முன்னிரவில் உத்தரவு வந்து, விடியற்காலைக் கப்பலில் கார் நிகோபார் தீவுக்கு டூர் போய்விட்டார். திங்கட்கிழமைதான் வருவார். அவர் மேல் தப்பில்லை, எனக்குத் தெரியும். அப்போது எனக்கு அதைத் தெரிந்துகொள்ளும் மனசு இல்லை. ராயப்பனுக்கு உடம்பு நெருப்பாகச் சுட்டது. கழுத்து ஒரு பக்கம் முட்டைபோல் வீங்கியிருந்தது. வாயைத் திறக்கவே சிரமப்பட்டார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து "ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அன்று அதைச் சொல்லவில்லை. என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார்.

ஜன்னலில் மறுபடியும் புதுச் சீட்டு வாங்கச் சொன்னார்கள். நேற்றைய சீட்டு நேற்றோடு முடிந்ததாம். நான் வரிசைக்குப் போகவில்லை. நடைபாதையின் நடுவில் நின்று, என் பஜார்க் குரலில், ஆள் சாகக் கிடக்கிறான், பார்க்க யாரும் இல்லையா என்று கேட்டேன். அழவில்லை. அழுதிருந்தால் யாராவது ஆறுதல் சொல்லி உட்கார வைத்திருப்பார்கள்.

ஒரு அறையிலிருந்து பெரிய சர்ஜன் வந்தார். நரைத்த மீசை, பட்டாளத்தில் இருந்தவர் என்று பிறகு சொன்னார்கள். முதலில் என்னைத் திட்டினார். இது சந்தையா என்றார். அப்புறம் ராயப்பனின் கழுத்தைத் தொட்டுப் பார்த்ததும், "நாலு நாளா என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று அதற்கும் என்னைத்தான் திட்டினார். நாலு நாளும் எங்கெங்கே நின்றோம் என்று வரிசையாகச் சொன்னேன். ரங்கத், படகு, இரண்டு கேள்வி, முத்திரை, ஃபிலிம், பத்து ரூபாய். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சொன்னார்: சீழ் கட்டியிருக்கிறது, இன்றே எடுக்க வேண்டும். ஆபரேஷன் அறையின் கூரை ஒழுகி மின்சாரத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். டிரெஸ்ஸிங் அறையில் எடுத்துவிடலாம், இடுக்கி இருக்கிறது. ஆனால் தொண்டைக்குள் வெளிச்சம் காட்ட வழியில்லை. குருட்டாம்போக்கில் குத்த மாட்டேன் என்றார்.

"கண்ணாடி நான் கொண்டு வாரேன்" என்றேன்.

எங்கிருந்து என்று கேட்டார். சொன்னேன். சர்ஜன் மீசையைத் தடவினார். நான் உன்னை அனுப்பவில்லை, நீயாகப் போகிறாய் என்றார். புரிந்துகொண்டேன்.

பன்னிரண்டேகாலுக்கு ஒரு டாக்சி பிடித்தேன். வாழ்க்கையில் முதல் டாக்சி, ஐந்து ரூபாய். டாக்டரின் மனைவி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். கையில் குழந்தை இல்லை, வயிற்றில் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் பயம் வந்துவிட்டது. அவர் இல்லாதபோது அந்த அறையை நான் திறப்பதில்லை என்றார். அது அவருக்கு எவ்வளவு முக்கியமான சாமான் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். நேற்று என் வீட்டுக்காரர் தொண்டைக்குள் அதை வைத்துத்தான் பார்த்தார், அதனால்தான் வந்தேன் என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. நான் படியில் நின்றேன். டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார்.

திரும்பி வந்தபோது அவர் கையில் தலையணை உறை இருந்தது. உள்ளே கண்ணாடிகள் இரண்டும், காம்பு வைத்தது உட்பட. "ஆறு மணிக்கு இன்னொரு டாக்டர் இங்க வந்து நோயாளிகளைப் பார்க்கறதா ஏற்பாடு. அவருக்கு இது வேணும். அஞ்சரைக்குள்ள இங்க இருக்கணும் தீதி" என்றார். தீதி என்றால் அக்கா. நான் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் எழுதி வாங்கவில்லை, என் பெயர்கூடக் கேட்கவில்லை. அந்தப் பயணத்தில் சீட்டு இல்லாமல் எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

டிரெஸ்ஸிங் அறையில் கிளார்க்கின் மேசை விளக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். சர்ஜன் பட்டையை நெற்றியில் கட்டிக்கொண்டார். மலையாளத்து நர்ஸ் தலையைப் பிடித்துக்கொள்ள, மரத்துப்போகும் மருந்தைத் தொண்டையில் பீய்ச்சினார்கள். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள், நான் கதவோரமாகவே நின்றேன். முதலில் சீழ்தான் வந்தது, அரைக் கிண்ணம். பிறகு ராயப்பனின் கால்கள் இரண்டும் ஒருமுறை துள்ளின. தட்டில் இடுக்கி பட்டு டிங் என்று ஒரு சின்னச் சத்தம். கவையாகப் பிரிந்த முள், விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். மொத்தம் பத்து நிமிடம். ஒரு பைசா வாங்கவில்லை. நாலு நாளாக எங்களை அலைக்கழித்ததும் அந்த ஆஸ்பத்திரிதான், பத்து நிமிடத்தில் காப்பாற்றியதும் அந்த ஆஸ்பத்திரிதான். எதைச் சொல்லித் திட்டுவது என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்.

அப்போது மணி இரண்டு. கண்ணாடியைத் துடைத்து உறையில் வைக்கப் போனேன். சர்ஜன் பட்டையை அவிழ்க்கவில்லை. எத்தனை மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். ஐந்தரை என்றேன். இங்கிருந்து ஐந்துக்குக் கிளம்பினால் போதும் இல்லையா என்றார். பிறகு நர்ஸிடம், காது மூக்கு தொண்டைக்காரர்கள் யார் யார் வெளியே இருக்கிறார்களோ வரச் சொல் என்றார்.

எங்கிருந்துதான் வந்தார்களோ. காலையில் சீட்டோடு திருப்பி அனுப்பப்பட்டுப் படகுக்காகக் காத்திருந்தவர்கள், வார்டில் படுத்திருந்தவர்கள், வேறு வியாதிக்கு வந்துவிட்டு இதையும் காட்டிவிடலாம் என்று நின்றவர்கள். ஒரு தெலுங்குச் சிறுமியின் காதிலிருந்து பாசிமணி ஒன்று வந்தது. தீபாவளிக்குப் போட்டதாம், அவள் அம்மா மணியைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தூத்துக்குடிக் கிழவர் ஒருவருக்கு ஹிந்தி தெரியாமல், இரண்டு முறை வயிற்று மருந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அவருக்குக் குரல் கம்மி மூன்று மாதம் ஆகிறது. அவர் சொன்னதை நான் சர்ஜனிடம் ஹிந்தியில் சொன்னேன். அவர் உள்ளே பார்த்துவிட்டு முகத்தை மாற்றிக்கொண்டார். மெயின்லேண்டுக்கு அனுப்பக் கையோடு எழுதிக் கொடுத்தார். ஐந்து மணிக்குள் ஒன்பது பேரைப் பார்த்தார்.

ஐந்து மணிக்கு இன்னும் நாலு பேர் பெஞ்சில் இருந்தார்கள். சர்ஜன் என்னைப் பார்த்தார். அவராகக் கழற்ற மாட்டார் என்று தெரிந்தது, நான்தான் கையை நீட்டினேன். உறையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது பெஞ்சில் முதலாவதாக இருந்தவள் ஒரு ராஞ்சிக்காரி. மடியில் மூன்று வயதுப் பிள்ளை, ஒரு காதில் பஞ்சு, பஞ்சு முழுக்க மஞ்சள். அவள் எழுந்து நின்று, "கல்?" என்று கேட்டாள்.

"கல் ஆனா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. நாளைக்குக் கண்ணாடி இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நிற்கவில்லை. பஸ் போய்விடும் என்று நடந்துவிட்டேன். ஐந்து இருபத்தைந்துக்குப் பத்துபஸ்தியில் உறையைக் கொடுத்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை காலையெல்லாம் ராஞ்சிக்காரியை வரிசையில் தேடினேன். அவள் வரவில்லை. அல்லது வந்து, நான் பார்ப்பதற்குள் போயிருக்கலாம்.

ராயப்பனுக்கு வார்டில் கட்டில் இல்லை, வராந்தாவில் பாய் போட்டுக் கொடுத்தார்கள். எட்டு நாள் பென்சிலின் ஊசி. அந்த நர்ஸ் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. மூன்றாம் நாள் கஞ்சி, ஐந்தாம் நாள் குழைந்த சோறு.

திங்கட்கிழமை டூர் டாக்டர் திரும்பி வந்து, நேராக வராந்தாவுக்கு வந்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் ராயப்பனின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், கழுத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு, "சர்ஜன் எத்தனை பேரைப் பார்த்தார்?" என்று கேட்டார்.

ஒன்பது என்றேன். இன்னும் நாலு பேர் இருந்தார்கள் என்றும் சொன்னேன்.

"நான் தினமும் கொண்டு வந்தா தொண்ணூறு பேர் வருவாங்கம்மா."

"வரட்டுமே டாக்டர்."

அவர் கோபப்படவில்லை. ஊசி அட்டையில் ஏதோ எழுதிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு காலையில் அந்தக் கண்ணாடி வந்ததா என்று எனக்குத் தெரியாது. வராந்தாவிலிருந்து அவர் அறை தெரியாது. போய் எட்டிப் பார்த்திருக்கலாம். வராமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று போகவில்லை.

வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு ஆள் வராந்தாவில் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். "ராயப்பன்! எக்ஸ்ரே! ஃபிலிம் வந்தாச்சு!" ராயப்பன் பன்னிரண்டு நாளில் முதல் முறையாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆளிடம் என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

சனிக்கிழமை காலை ஆறு மணிப் படகு, அதே நாலரை ரூபாய். ரங்கத் துறையில் இறங்கும்போது மாலை நாலு. கூட்டத்தில் நிமாய் நின்றுகொண்டிருந்தார். போன சனி, புதன், இந்தச் சனி என்று மூன்று படகுக்கும் வந்து நின்றிருக்கிறார். யாரிடம் கேட்பது, என்ன ஆயிற்று என்று தெரியாமல், தன் வீட்டுச் சோற்றில் ஒரு ஆள் செத்துவிட்டானோ என்று ஒவ்வொரு படகாகப் பார்த்திருக்கிறார். ராயப்பன் பலகையில் நடந்து வருவதைக் கண்டதும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "ஒண்ணுமில்ல தாதா" என்று, வங்காளி முறையில் அண்ணன் என்று கூப்பிட்டு, ராயப்பன் அவர் தோளைப் பிடித்தார். அந்த 'ஒண்ணுமில்ல'வை அவர் வாயிலிருந்து மறுபடியும் கேட்டபோது எனக்கு ஓங்கி ஒரு அறை கொடுக்கலாம் என்றிருந்தது.

இனி, போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது. இப்போது ரங்கத்துக்குத் தரை வழி இருக்கிறது, காலம் மாறியிருக்கிறது. ஆனால் தீவு தீவுதான். சர்க்கரை மாத்திரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை எதுவானாலும் போகிற நாளைவிட ஒரு வாரம் கூடுதலாக எடுத்துப் போங்கள். கடல் கொந்தளித்தால் திரும்பும் தேதி உங்கள் கையில் இல்லை. மாமியாரின் மருந்துச் சீட்டில் முத்திரை இருக்கிறதா என்று இங்கேயே பாருங்கள், சிரிக்காதீர்கள். வெளிநோயாளி நேரத்தைக் கேட்டுவிட்டு அதற்கு ஏற்றபடி கிளம்புங்கள். சிறப்பு டாக்டர் ஊரில் இருக்கிறாரா, டூரிலா என்று தங்கும் இடத்தில் விசாரித்து வையுங்கள். உடம்புக்கு ஏதாவது என்றால் வெட்கப்பட்டு ஒரு ராத்திரியைக் கழிக்காதீர்கள். குளத்து மீன் கொடுத்தால் சாப்பிடுங்கள், அருமையாக இருக்கும், மெதுவாகச் சாப்பிடுங்கள்.

அரசாங்கமா தனியாரா என்று கேட்டால் இரண்டின் மேலும் எனக்குக் கோபம்தான். தூத்துக்குடியில் இப்போது நான் முழங்காலுக்குப் போகிற தனியார் ஆஸ்பத்திரியில் குளிர்சாதனம் இருக்கிறது, உட்கார நாற்காலி இருக்கிறது, ஒரே மாதத்தில் மூன்று முறை ஸ்கேன் எழுதுகிறார்கள். அங்கேயும் நான் கத்தியிருக்கிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். எந்த ஆஸ்பத்திரியானாலும் உங்கள் வேலை முடிந்ததும் விறுவிறுவென்று வெளியே வந்துவிடாதீர்கள். உங்களுக்கு அடுத்து உட்கார்ந்திருப்பவரிடம் எந்தச் சீட்டு, எந்த ஜன்னல், யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஐந்து நிமிடம் ஆகும். பஸ் போனால் போகட்டும், அடுத்தது வரும்.